பச்சைக் காரின் நீலக் கதவு

போன வாரம் உங்கள் காப்புறுதி அலுவலகத்துக்கு வந்திருந்தேன். காற்று நன்றாக வருகிறது, தேநீரும் நேரத்துக்கு வருகிறது. நசுங்கிய வாகனங்களின் படங்கள் உறையில் போட்டு மேசைக்கே வந்து சேருகின்றன. அவற்றைப் பார்த்து நட்டத்தை எழுதிக் கையெழுத்து வைத்துவிடுகிறீர்கள். குறை சொல்ல வரவில்லை. எங்கள் நாளில் அந்த வசதி இருந்திருந்தால் நானும் வன்னித் தெருக்களில் இவ்வளவு புழுதி தின்றிருக்க மாட்டேன். ஆனால் உங்களில் ஒரு தம்பி என்னை வாசல் வரை கூட்டிவந்து மெல்லக் கேட்டார்: "ஐயா, பழைய கார் ஒண்டு வந்திருக்கு. ஒரு பக்கம்தான் அடி. ஆனா அந்த நிறத்துக்கு ஒரு பெயின்ற்றும் பொருந்துதில்லை. மொத்த நட்டம் எண்டு எழுதி முடிக்கட்டோ?"

"பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், ஏன் நேரே பதில் சொல்லாமல் வந்தேன் என்று விளங்கியது. இதே கேள்வியை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதற்குக் கிடைத்த பதில் இன்னும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். காப்புறுதிக் கம்பனி ஒன்றின் நட்ட மதிப்பீட்டாளனாக வவுனியாவில் இருந்தேன். வவுனியாவுக்கு வடக்கே எந்த வாகனம் எதில் மோதினாலும் நான் போக வேண்டும். விபத்தில் உடைந்தது எது, அதற்கு முன்னமே உடைந்து கிடந்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். ஒரு விபத்து நடந்தால் போதும், ஊரில் உள்ள பழைய கீறல் எல்லாம் ஒரே நாளில் புதிய கீறலாகிவிடும்.

ஓமந்தைக்குப் பக்கத்தில், முதிரை மரக் குற்றி ஏற்றி நின்ற ஒரு லொறியில் சங்கிலி விட்டுப்போய்விட்டது. குற்றி உருண்டு, தெருவோரம் நின்ற ஒரு காரின் இடப்பக்கப் பின்கதவில் போய் விழுந்தது. காருக்குள் ஆள் இல்லை. சொந்தக்காரர் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார். அவர் பெயர் அருளப்பர். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். "எங்கட சந்ததியில வள்ளத்தில ஏறிச் சத்தி எடுத்த முதல் ஆள் நான்தான்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். கடல் சரிவராமல் பரந்தன் சந்தியில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கார் சாதாரணக் கார் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இங்கிலாந்தில் செய்தது. மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் வைத்திருந்து, கை மாறிக் கை மாறி அருளப்பரிடம் வந்தது. நீண்ட மூக்கும், பெரிய விளக்குகளும், உயரமான சில்லுகளுமாக நின்றது. அந்தச் சில்லுகளால்தான் மழை நாளிலும் குடியேற்றத் திட்டங்களின் வாய்க்கால் பாதைகளுக்குள் அது போய்வந்தது. சந்தியில் நின்ற மற்றக் கார்கள் சேற்றைக் கண்டதும் திரும்பிவிடும். அதனால் அருளப்பரின் ஹயரில் பெரும்பகுதி வருத்தக்காரர்கள். பாம்பு கடித்தவர்கள், காய்ச்சல்காரர்கள், பிள்ளைப்பேற்று நோ கண்ட பெண்கள். ஆட்களைச் சாய்த்துப் படுக்க வைப்பதற்காக வலப்பக்கப் பின்கதவை நிரந்தரமாக அடைத்து உள்ளே பலகை அடித்திருந்தார். ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கக் கதவால் மட்டும்தான். குற்றி விழுந்தது அந்தக் கதவில்.

முதற் சிக்கல் நிறத்தில் வந்தது. எங்கள் காப்புறுதிப் பொலிசியில் காரின் நிறம் இளநீலம். ஓமந்தையில் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்த அத்தனை பேரும் "பச்சைக் கார்" என்று சொல்லியிருந்தார்கள். கொழும்பில் இருந்த என் மேலதிகாரி ரெலிபோனில் பிடித்துக்கொண்டார். அவர் கத்திப் பேசுகிறவர் இல்லை. குரல் தணியத் தணியத்தான் எங்களுக்கு நடுக்கம் எடுக்கும்.

"நாங்கள் காப்புறுதி செய்தது ஒரு கார். அடிபட்டது இன்னொரு கார். அப்பிடித்தானே?" என்று கேட்டார்.

"போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன் சேர்" என்றேன்.

வவுனியாவில் ஒரு கராஜில் கார் நின்றது. காலை வெயிலில் அதைச் சுற்றி வந்தேன். மூக்குப் பக்கம் வெளிறிய நீலம். அதில் சந்தேகமில்லை. முன்கதவுக்கு வந்தால் நீலத்துக்குள் மெல்லிய பச்சை. அதன் நடுவுக்கு வந்தால் பச்சை இன்னும் அதிகம். நசுங்கிய பின்கதவு நல்ல பச்சை, மர நிழல் விழுந்த குளத்துத் தண்ணீரின் நிறம். அதைத் தாண்டிப் பின்சில்லை மூடிய மட்காட்டில் பச்சை குறைந்து குறைந்து மறுபடி நீலமாகியது. எங்கே நீலம் முடிந்தது, எங்கே பச்சை தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே முழுக்க நீலம். தூரிகையாலோ பெயின்ற் தெளிக்கும் துப்பாக்கியாலோ அடித்த நிறம் அப்படி ஓடாது. எத்தனையோ காரின் நிறத்தைப் பார்த்தவன் நான், அன்று மலைத்துப்போய் நின்றேன்.

கதவின் உட்புறத் தோலைக் கழற்றச் சொன்னேன். உள்ளே வெயில் படாத தகட்டில் பொலிசியில் எழுதியிருந்த அதே இளநீலம் புதிதுபோல இருந்தது. ஆகவே எங்கள் கார்தான். கொழும்புக்கு அதைச் சொல்லி அந்தக் கேள்வியை அடைத்தேன். ஆனால் என் மனம் ஆறவில்லை. அருளப்பரைக் கேட்டேன்.

"வெளியில எப்பிடி இது பச்சையானது?"

"ஒருத்தரும் பெயின்ற் அடிக்கேல்லை ஐயா."

"பேந்து?"

"அது சனத்தின்ர நிறம்."

ஆள் நழுவுகிறார் என்று நினைத்தேன். இந்த வேலையில் நழுவுகிறவர்களைத்தான் நாள் முழுக்கக் காண்கிறோம். அதற்கு மேல் கேட்கவில்லை.

என் மேலதிகாரி எங்களுக்குப் படிப்பித்த முதற் பாடம் ஒன்று உண்டு, நீங்களும் படித்திருப்பீர்கள். விபத்துக்கு முந்திய நிமிடத்தில் கார் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதைவிடத் திறமாகவும் கொடுக்கக்கூடாது, மோசமாகவும் கொடுக்கக்கூடாது. கேட்க இலகுவாக இருக்கும். அந்தக் கதவின் முன் நின்றபோதுதான் அந்த வசனத்தின் பாரம் தெரிந்தது. முந்திய நிமிடத்தின் நிறம் கண்முன் இருக்கிறது. அதைச் செய்யும் வழிதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

கராஜில் நிறம் அடிக்கிற மேஸ்திரி, பெயின்ற் பாஸ், பெரிய கெட்டிக்காரர். தானே அப்படிச் சொல்லுவார், ஆட்களும் ஒத்துக்கொள்வார்கள். "நிறம் எண்டது என்ர கைக்குள்ள கிடக்கிற சாமான்" என்று தொடங்கினார். தகரத் துண்டுகளில் நீலத்தையும் மஞ்சளையும் விதம் விதமாகக் கலந்து அடித்து, கதவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். காலையில் பொருந்திய துண்டு மத்தியானத்தில் பாசி மாதிரி நின்றது. மத்தியானத்தில் பொருந்தியது பின்னேரம் வேறு காருடையது ஆகிவிட்டது. பொருந்தினாலும் எதற்குப் பொருத்துவது? முன்கதவின் பச்சை வேறு, மட்காட்டின் பச்சை வேறு. கடைசியில் அவர் தகரங்களை எல்லாம் மூலையில் எறிந்துவிட்டு என்னைப் பார்த்துக் கோபித்தார்.

"இது பெயின்ற் இல்லை ஐயா. பெயின்ற் எண்டால் நான் பிடிச்சிருப்பன்."

கொழும்பு பொறுமை இழந்தது. பொருத்த முடியாவிட்டால் மொத்த நட்டம் என்று எழுதி முடிக்கும்படி சொன்னார்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டிருந்தேன். பிறகுதான் யோசித்தேன். அப்படி எழுதினால் அருளப்பருக்குப் பணம் வரும், காரைக் கம்பனி எடுத்துப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடும். அந்தப் பணத்துக்கு அந்த உயரச் சில்லுக் கார் இன்னொன்று இலங்கையிலேயே கிடைக்காது. பரந்தனுக்குக் கிழக்கே இருந்த குடியேற்றத் திட்டங்களில் மழை நாளில் ஒருவருக்கு ஏதும் வந்தால் மாட்டு வண்டிதான் கதி. இதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். மேலதிகாரியின் குரல் இன்னும் தணிந்தது. "அப்ப பொலிசியில உள்ள நீலத்தை அடியும். கடைசிப் பரிசோதனையில நிறம் சரியெண்டு நீர் கையெழுத்து வைக்கவேணும். நான் இல்லை" என்றார்.

அருளப்பரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"வேற வழியில்லையெண்டால் அடியுங்கோ. சனம் ஏறுமோ தெரியாது."

"உங்களை அவையளுக்குத் தெரியும்தானே. சனம் நிறத்தைப் பாத்தே ஏறுது?"

அவர் மட்காட்டின் பச்சையை விரலால் தடவிவிட்டுப் போனார்.

புதிய தகட்டில் புதுக் கதவு செய்து மாட்டினார்கள். பாஸ் கோபத்தோடு அடித்தாலும் வேலை சுத்தம். பளபளவென்று இளநீலம். சுற்றிவரப் பச்சை, நடுவில் அந்த நீலம். பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கதவு திருத்திய காரை நான் கராஜில் வைத்தே சரிபார்த்துப் பாரமெடுப்பதில்லை. கதவின் நன்மை தின்மை பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதுதான் காதுக்குத் தெரியும். அதனால் அருளப்பருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பரந்தன் வரை போனேன். கதவில் ஒரு சத்தமும் இல்லை. நிறத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று மட்டும் வழி நீளம் யோசித்துக்கொண்டு போனேன். படிவம் பைக்குள் இருந்தது.

சந்தியில் ஓர் ஆள் சைக்கிளோடு காத்து நின்றார். பெயர் கணேசு. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டாவளைப் பக்கத்தில் வயல் செய்தவர். முகத்தில் இரத்தம் இல்லை.

"அருளப்பண்ணை, மனுசிக்குக் காலமையில இருந்து நோ. பிள்ளை மாறிக் கிடக்குதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி மருத்துவிச்சி சொல்லிப்போட்டா. கெதியா வாங்கோ."

என்னை இறக்கிவிட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. கணேசு சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினார். வாய்க்கால் பாதையால் போய் அவர் வீட்டு முற்றத்தில் நின்றோம். அயற் சனம் கூடி நின்றது. உள்ளே அந்தப் பெண் அழும் சத்தம் கேட்டது. நாலு பெண்கள் அவளைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். முன்னால் வந்தவர் அவளுடைய தாய். வயிற்றுக்குத் தடவிய நல்லெண்ணெயும் மஞ்சளும் அவருடைய இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் இருந்தன. காருக்குக் கிட்ட வந்தார். கதவைக் கண்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன கதவு?"

"அடிபட்டிட்டுது அக்கா. புதுக் கதவு போட்டிருக்கு" என்றார் அருளப்பர்.

"பழைய கதவு எங்க?"

"கராஜில கிடக்கு."

"நான் பிள்ளையை இதில ஏத்த மாட்டன்."

கணேசு கத்தத் தொடங்கினார். "மாமி, விசரே உங்களுக்கு? நேரம் போகுது!" நானும் காரால் இறங்கினேன். கதவு முந்தியதைவிடப் பலம், நான் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த மிக நல்ல வேலை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் விசரில் பேசவில்லை. பயந்து பேசினார். அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அவரே சொன்னார். யாருக்கு என்று இல்லை, முற்றத்தில் நின்ற எல்லாருக்குமாகச் சொன்னார்.

"என்ர மனுசனை இந்தக் காரிலதான் கொண்டுபோனது. எனக்குக் கூடப் போக ஏலாமல் போச்சு. சின்னப் பிள்ளையள். கதவில கையை வைச்சு, கொண்டுபோய்க் கொண்டு வா எண்டுதான் விட்டனான். ஆஸ்பத்திரியில அவர் போயிட்டார். செத்த ஆளை ஒரு கார்க்காரனும் ஏத்த மாட்டன் எண்டிட்டாங்கள். அருளப்பண்ணைதான் ஏத்திக்கொண்டு வந்து இந்த முத்தத்தில இறக்கினவர். செத்தாலும் கொண்டு வந்து விட்ட கதவு அது. அந்தக் கதவில என்ர கை இருந்தது. இவையின்ர கையெல்லாம் இருந்தது. இதில ஆரின்ர கை இருக்கு? ஆரும் கை வைக்காத கதவால எப்பிடி நான் பிள்ளையை அனுப்புறது?"

நான் அங்கே நின்ற சனத்தைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கணேசுகூடத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. காரில் இடம் கொஞ்சம். கூடப் போக முடியாதவர்கள் வருத்தக்காரருக்கு எண்ணெய் தடவிய அதே கையால் கதவைப் பொத்தி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைப்பேற்று வீட்டில் மஞ்சள் கை, காய்ச்சல் வீட்டில் வேப்பெண்ணெய்க் கை. எட்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். கதவுக்குக் கிட்ட நின்றவர்கள் கதவில், தள்ளி நின்றவர்கள் மட்காட்டில், முன்கதவில். அருளப்பர் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவி, ஒருநாளும் சவுக்காரம் போடாமல் விட்டிருக்கிறார். வெயிலில் அது காய்ந்து இறுகி, நீலத்தைப் பச்சையாக்கியிருக்கிறது. பாஸ் சொன்னது சரி, அது பெயின்ற் இல்லை. இத்தனை ஊர்ச் சனத்தின் கைகளைத்தான் நாங்கள் தகரத்தில் கலந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அருளப்பர் தாயின் முன்னால் போய் நின்றார்.

"அக்கா, கை இல்லாத கதவெண்டு எனக்கும் தெரியும். அந்தக் கதவும் ஒரு நாள் இப்பிடித்தான் இருந்தது. முதற் கையை ஆரோ ஒராள் வைச்சதுதானே."

பெண் இன்னொரு முறை கத்தினாள். தாய் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து அந்த நீலக் கதவில் அமர்த்தி வைத்தார். எடுத்தபோது நீலத்தில் மஞ்சள் படிந்து இரண்டு பச்சைக் கைகள் தெரிந்தன. என் கண்முன்னே வந்த பச்சை அது. கராஜில் எந்தத் தகரத்திலும் வராத பச்சை.

அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. யாரோ எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்கள். அயற் பெண்கள் வந்து வைத்தார்கள். வயலால் வந்த ஆண்கள் சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வைத்தார்கள். ஒரு கிழவர் தன் நெற்றித் திருநீற்றைத் தொட்டு வைத்தார். கரைப்பக்கத்தில் இருந்து கருவாடு விற்க வந்து நின்ற ஒரு பெண் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டு வைத்தார். கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண்ணை ஏற்றினார்கள். தாய் கூட ஏறினார்.

முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம். என் பையை எடுத்துக்கொண்டு, பின்னால் கட்டியிருந்த சைக்கிளை அவிழ்த்துவிட்டு, கணேசை ஏறச் சொன்னேன். தாய் உள்ளே இருந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் வரேல்லையே?"

"நீங்கள் போங்கோ அம்மா. நான் சைக்கிளில வாறன்."

"அப்ப நீங்களும் வையுங்கோ."

யாரோ என் கையில் எண்ணெய் ஊற்றினார்கள். வெள்ளைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமாக, கம்பனியின் ஆளாக நான் நின்றேன். கோயிலில் கற்பூரத்துக்கு முன் நிற்கும்போதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை. கையை வைத்தேன். கதவு என் கைக்குக் கீழே இயந்திரத்தின் அதிர்வோடு நடுங்கியது. பிறகு கார் புறப்பட்டு வாய்க்கால் பாதையில் மறைந்தது.

கணேசின் சைக்கிளில் கிளிநொச்சி வரை மிதித்தேன். உயரத்துக்குச் சரிவராத ஆசனம், எண்ணெய்க் கையில் வழுக்கும் பிடி. பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் கணேசு நின்றார். என்னைக் கண்டதும் சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல், "பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்" என்றார். அருளப்பர் காரின் படியில் இருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கார் வெயிலில் நின்றது. வழிப் புழுதி கதவின் எண்ணெய்க் கை அடையாளங்களில் மட்டும் ஒட்டியிருந்தது. மற்றப்படி கதவு நல்ல நீலம். தூரத்தில் இருந்தே கண்ணில் குத்தும் நீலம்.

இப்போது சொல்லுங்கள், நிறம் பொருந்துகிறதா இல்லையா? நான் என்ன எழுதுவது? வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து பைக்குள் இருந்த படிவத்தை எடுத்தேன். நிறத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. மேலதிகாரியின் தணிந்த குரல் காதில் கேட்டது. பேனையை மூடியும் திறந்தும் கொண்டிருந்தேன்.

அந்த நேரம் தாய் வெளியே வந்து வாங்கின் மறு முனையில் உட்கார்ந்தார். பக்கத்தில் வேறு குடியேற்றத் திட்டத்தில் இருந்து யாரையோ பார்க்க வந்த ஒரு பெண் இருந்தார். இரண்டு பேரும் கதைத்தார்கள்.

"எவ்வளவு தூரத்தில இருந்து வாறியள்?"

"கண்டாவளை."

"இந்தப் பாதையாலயோ! எந்தக் காரில கொண்டு வந்தனீங்கள்?"

தாய் நிமிர்ந்து வெளியே பார்த்தார். வெயிலில் அந்த நீலக் கதவு நேரே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பச்சைக் காரில" என்றார்.

நான் பேனையைத் திறந்து, நிறம் சரி என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.